பத்து அமர்வுகள், ஒன்பது அழைப்புகள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் 115ஆவது பிரிவுக்கு இரண்டு உட்பிரிவுகள் உண்டு. முதலாவதைப் பற்றி நாளிதழ்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் நிறையவே பேசிவிட்டோம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவர்மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இரண்டாவது உட்பிரிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அப்படி முயன்றவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்து, அந்நிலை மறுபடி நேரும் அபாயத்தைக் குறைப்பது அரசின் கடமை என்கிறது அது. 2018 மே மாத இறுதியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல், பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவும் காலாவதியானது. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு முயல்வது மட்டும் புதிய சட்டத்தில் குற்றமாக எஞ்சியிருக்கிறது. தண்டனை பெரும்பாலும் போய்விட்டது. அதன் இடத்தில் கடமை வந்து உட்கார்ந்ததா?

திருவனந்தபுரத்தை வைத்து இதைக் கேட்கக் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 12.4 தற்கொலை மரணங்கள். கேரளத்தில் 28.5. எழுத்தறிவிலும் ஆயுட்காலத்திலும் குழந்தைகள் நலத்திலும் முன்னிற்கும் மாநிலத்தில் இந்த எண் மட்டும் ஏன் இப்படி என்ற விவாதம் அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கேரளத்தில் மரணங்கள் முறையாகப் பதிவாகின்றன, வேறிடங்களில் பல மறைக்கப்படுகின்றன என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு விளக்கம் இத்தனை பெரிய இடைவெளியை முழுதாக அடைத்துவிடாது. தமிழ்நாட்டு வாசகர் இதைப் பக்கத்து வீட்டுச் சங்கதி என்று தாண்டிப் போகவும் வழியில்லை: அதே ஆண்டில் நம் எண் 25.9.

இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே உள்ள கோடு நோயாளிகளுக்கு அவ்வளவு அழுத்தமாகத் தெரிவதும் இல்லை. 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்து மக்களுக்கு இன்றும் ஆபத்து நேரத்தில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனாலும் பாறசாலையைத் தாண்டி மேற்கே ஓடும் ஆம்புலன்ஸ்கள் நிற்கவில்லை. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் வேறு. ஆக, அந்த நகரத்தில் தற்கொலைக்கு முயன்று மீண்டவர்களுக்கான சிகிச்சை எப்படி நடக்கிறது என்பது நம் வீட்டுக் கேள்வியும்கூட.

ஒருவர் முயன்று, காப்பாற்றப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேஷுவால்டியில் டாக்டர்களும் செவிலியர்களும் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள், உடல் தேறுகிறது. டிஸ்சார்ஜ் நாளில் மருந்துச் சீட்டின் அடியில், சைக்யாட்ரி ஓ.பி.யில் காட்டவும் என்று ஒரு வரி. நெரிசலான வார்டில் ஒரு டாக்டர் அதற்கு மேல் செய்ய நேரமும் இருப்பதில்லை. சீட்டு மடித்து வைக்கப்படுகிறது. வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம் என்பதில் மனநல மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்த வாரங்களில்தான் பெரும்பாலும் யாரும் அருகில் இருப்பதில்லை. அல்லது எல்லோரும் மிக அருகில் இருக்கிறார்கள், ஆனால் யாரும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இந்த இடைவெளிக்குப் பொருந்தும் ஒரு சிகிச்சை இருக்கிறது. சிந்தனை-நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறோம். மருத்துவமனை வராந்தாவில் அதற்கு சி.பி.டி. என்றுதான் பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1960களில் ஆரோன் பெக் வடிவமைத்த முறை இது. 2021இல் நூறு வயதில் அவர் மறைந்தார். மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையாகத் தொடங்கியதை, தற்கொலை அபாயத்தில் இருப்பவர்களுக்கெனத் தனியாகச் செதுக்கியவர்கள் அவரும் அவரோடு பணியாற்றிய கிரகரி பிரவுன் உள்ளிட்டோரும். மனச்சோர்வின் மற்ற அடையாளங்களைவிட, இனி எதுவும் மாறாது என்ற நம்பிக்கையிழப்புதான் ஆபத்தை அதிகம் காட்டிக்கொடுக்கிறது என்பது பெக்கின் முக்கியக் கண்டுபிடிப்பு. அதை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை 1974இல் அவர் வெளியிட்டார்.

இதில் என்னதான் நடக்கிறது என்று தெரியாததால்தான், சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு டாக்டரா என்ற கேள்வி நம் வீடுகளில் எழுகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

முதல் ஓரிரு அமர்வுகளில், அந்த நாளின் கதையை நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். காலையில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அப்போது மனதில் ஓடிய எண்ணம் என்ன, அது எந்த நிமிடத்தில் முடிவாக இறுகியது என்று வரிசையாக. உபதேசம் கிடையாது, பெற்றவர்களை நினைத்துப் பார்த்தாயா என்ற கேள்வி கிடையாது. கேட்பவரின் வேலை, அந்த வரிசையில் எந்த இடத்தில் வேறு வழி திறந்திருந்தது என்பதை நோயாளியோடு சேர்ந்து தேடுவது. அத்தோடு கூடவே ஒரு பாதுகாப்புத் திட்டம் ஒரே தாளில் எழுதப்படுகிறது, நோயாளியின் சொந்த வார்த்தைகளில். நிலைமை மோசமாகிறது என்பதை எனக்கு எவை உணர்த்தும்? தனியாக இருந்தே என்ன செய்து அந்த நேரத்தைக் கடத்துவேன்? எங்கே போனால், யாரோடு இருந்தால் மனம் திசைதிரும்பும்? யாரிடம் உள்ளதைச் சொல்லி உதவி கேட்பேன்? எந்த மருத்துவமனை, எந்த எண்? வீட்டில் ஆபத்தானவற்றை யார் அப்புறப்படுத்திவைப்பார்? பார்க்க மிகச் சாதாரணமான தாள்தான். புயல் அடிக்கும் மனம் அந்த நேரத்தில் புதிதாக எதையும் யோசிக்காது என்பதால், யோசித்துவைத்ததை எடுத்துப் படிக்கும் ஏற்பாடு அது.

நடு அமர்வுகளில் எண்ணங்களோடு வேலை. நான் எல்லோருக்கும் பாரம் என்று ஒருவர் சொன்னால், அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று வாயடைப்பதில்லை. அந்த எண்ணத்துக்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று இரண்டு பத்திகளாக எழுதிப் பார்க்கிறார்கள். கடன் உண்மையாகவே இருந்தால் அது முதல் பத்தியில் இருக்கட்டும், வேலையிழப்பும் இருக்கட்டும். போன வாரம் மகள் அழைத்துப் பேசியது இரண்டாவது பத்தியில் வருகிறது. நான் இல்லாவிட்டால் அவர்கள் நன்றாக இருப்பார்கள் என்ற வாக்கியம் இத்தனை நாள் ஒருமுறைகூட விசாரணைக்கு வந்ததில்லை, இப்போது வருகிறது. வீட்டில் ஒரு சின்னப் பெட்டியும் சேர்கிறது: பேரப்பிள்ளை வரைந்த படம், பழைய கடிதம், கோயில் திருநீறு, ஜெபமாலை, வேலை கிடைத்த நாளின் புகைப்படம் என்று, வாழ்வதற்குக் காரணமாக அவரே தேர்ந்தெடுத்த பொருள்கள். நம்பிக்கைப் பெட்டி என்கிறார்கள். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் இச்சிகிச்சையின் மிகப் பயனுள்ள பகுதிகளில் ஒன்றாக இதை நோயாளிகளே சொல்வதாகச் சிகிச்சையாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

கடைசிப் பகுதி ஒரு பரீட்சை மாதிரி. அந்தப் பழைய நாளுக்கே மனதளவில் திரும்பிப் போய், அதே எண்ணங்கள் வரும்போது இப்போது என்ன செய்வேன் என்று நோயாளி கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் சிகிச்சை நிறைவு பெறுகிறது. முடியாவிட்டால் தொடர்கிறது.

இதன் பயனை அளந்த ஆய்வுகளில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது, 2005இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. முயன்று, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 120 பேர் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். வழக்கமான கவனிப்போடு பத்து அமர்வு பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினரும் அடுத்த 18 மாதங்களில் மறுபடி முயன்றார்கள். இது வசதியுள்ளவர்களுக்கான ஆடம்பரச் சிகிச்சை என்ற எண்ணத்துக்கும் அங்கே இடமில்லை. பங்கேற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள், பலருக்குப் போதைப்பழக்கமும் இருந்தது.

இதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவும் உண்டு. தற்கொலை எண்ணம் தலைதூக்குவதில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எண்ணம் வந்தது. வந்தபோது என்ன செய்வது என்பது ஒரு குழுவுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். சிகிச்சைக்குப் பிறகும் அப்படி ஓர் எண்ணம் வந்ததாக அவர் சொன்னால், செலவெல்லாம் வீண் என்று மனமொடிய வேண்டியதில்லை. சொல்கிறார் என்பதே சிகிச்சை வேலைசெய்வதன் அடையாளமாக இருக்கலாம்.

இன்னொன்று. அந்த ஆய்வில் இரு குழுவினரையும் தொலைபேசியிலும் கடிதத்திலும் விடாமல் தொடர்ந்து, சந்திப்புகளை நினைவூட்டியபடி ஊழியர்கள் இருந்தார்கள். அறைக்குள் நடந்த பேச்சுக்கு வெளியே, வா என்று கூப்பிட ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலின் மதிப்பைச் சொல்லும் ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில், முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் ஓர் எளிய முறையைச் சோதித்தது. டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேர உரையாடல். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி வழியாகவோ நேரிலோ நலம் விசாரிப்பு. அவ்வளவுதான். 2008இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் அக்காலத்துக்குள் தற்கொலையால் இறந்தார்கள். இந்த அழைப்புகளைப் பெற்றவர்களில் 0.2 விழுக்காட்டினர். மறுமுயற்சிகள் பெரிதாகக் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. சென்னையில் இதில் பங்காற்றியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986இல் அவர் நிறுவிய சிநேகா அமைப்பைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆக, ஒரு கையில் பத்து அமர்வுகள். மறு கையில் ஒன்பது அழைப்புகள். முதலாவதற்குப் பயிற்சிபெற்ற உளவியலாளர் வேண்டும். இரண்டாவதற்குப் பயிற்சியும் பொறுமையும் உள்ள ஒருவர் போதும். இரண்டையும் ஒன்றுசேர்ப்பதில்தான் நம் அனைவருக்கும் வேலை இருக்கிறது. அந்த வேலையை எப்படிப் பங்கிடுவது என்பதில் நியாயமான மாற்றுக் கருத்துகளும் இருக்கின்றன.

மாத்திரையா, பேச்சா என்ற சண்டையை முதலில் ஓரங்கட்டிவிடலாம். கடும் மனச்சோர்வுக்கும் இருமுனை மனநோய்க்கும் மனச்சிதைவுக்கும் மருந்து இன்றியமையாதது. அங்கே பேச்சு அதற்குத் துணை. நல்ல மனநல மருத்துவர் எவரும் பேச்சுச் சிகிச்சையை எதிர்ப்பதில்லை, நல்ல உளவியலாளர் எவரும் மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை.

இதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. கடன்காரர் வாசலில் நிற்கிறார், குடிகாரக் கணவன் உள்ளே இருக்கிறான், பட்டம் படித்த மகனுக்கு வேலை இல்லை; இவர்களிடம் போய் உன் எண்ணத்தைச் சோதித்துப் பார் என்பது கேலியாகாதா? சமூகத்தின் பிழையை ஒருவர் தலைக்குள் தேடலாமா? மறுக்க முடியாத கேள்வி. 2022 கணக்கில் நாடு முழுவதும் முதல் காரணமாகப் பதிவானது குடும்பப் பிரச்சினைகள், அடுத்தது நோய். கேரளத்தில் இறந்தவர்களில் முக்கால் பங்குக்கு மேல் ஆண்கள் என்பதில் கடனும் குடியும் வேலையும் எவ்வளவு, அழக் கூடாது என்று வளர்த்த வளர்ப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். கொள்கை முடிவுகள் உயிர்களைக் காக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது: கொடிய வேளாண் நச்சுகளைப் படிப்படியாகத் தடைசெய்த இலங்கையில் தற்கொலை மரண விகிதம் 1990களின் நடுப்பகுதியில் இருந்த உச்சத்திலிருந்து மிகப் பெரிய அளவில் இறங்கியது. சமூக மாற்றம் வேண்டும் என்பவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்த மாற்றம் வந்துசேரும்வரை இந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல சிகிச்சையாளர், கடனைப் பற்றிய எண்ணத்தோடு கடனையும் மேசைமேல் எடுத்துவைக்கிறார்: கூட்டுறவு வங்கியில் தவணையை மாற்றியமைக்க யாரைப் பார்ப்பது, வீட்டு வன்முறைக்கு எந்த உதவி மையம் என்று. பிரச்சினை தீர்க்கும் பயிற்சி இச்சிகிச்சையின் ஓர் உறுப்பு. அந்தப் பயிற்சியில் கிடைக்கும் விடை பல சமயம் வங்கி மேலாளரிடமும் பஞ்சாயத்து உறுப்பினரிடமும் காவல் நிலையத்திலும் இருக்கிறது. அவர்கள் ஒத்துழைத்தால் சிகிச்சை. இல்லாவிட்டால் வெறும் பேச்சு.

அடுத்து, யார் இதைச் செய்வது என்ற கேள்வி. தகுதிபெற்ற மருத்துவ உளவியலாளர்தான் செய்ய வேண்டும், உயிர் விஷயத்தில் அரைகுறைக் கவுன்சிலிங் ஆபத்து என்கிறது ஒரு தரப்பு. தெருவுக்குத் தெரு கவுன்சிலிங் பலகை தொங்கும் காலத்தில் இந்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்த முடியாது. அந்த உளவியலாளர்கள் வந்துசேரக் காத்திருந்தால் எத்தனை பேரை இழப்போம் என்கிறது மறுதரப்பு. அவர்களிடமும் சான்று இருக்கிறது. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்து, பயிற்சி தந்து, ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட சுருக்கமான பேச்சுச் சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தினார்கள். 2017இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் 64 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் 39. ஆனால் அது மனச்சோர்வுக்கான ஆய்வு. முயன்று மீண்டவர்களுக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆகவே நடுவழி இப்படி இருக்கலாம்: அந்த நாளின் கதையைக் கேட்பதும் எண்ணங்களோடு போராடுவதும் உளவியலாளர் கையில் இருக்கட்டும். அடுத்த அமர்வுக்கு அழைப்பதும், பாதுகாப்புத் தாள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேட்பதும், மோசமான அறிகுறி தெரிந்தால் உடனே மேலே தெரிவிப்பதும் பயிற்சிபெற்ற சுகாதார ஊழியர் செய்யட்டும். எல்லை தெளிவாக இருந்தால் இரு தரப்பின் கவலையும் தீரும்.

கேரளத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளாட்சிகளின் பொறுப்பில் இருக்கின்றன. 1990களில் கோழிக்கோட்டில் வேர்விட்ட வலிநிவாரணப் பராமரிப்பு இயக்கம், 2008இல் அரசின் கொள்கையாகி, பஞ்சாயத்து தோறும் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்புகிறது. அந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் நிறுவிய பாலியம் இந்தியா, திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. குடும்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய ஆசுவாசம் என்ற திட்டம் உண்டு. 2017இல் ஒக்கிப் புயல் கடற்கரையைச் சிதைத்தபோதும், 2018 பெருவெள்ளத்தின்போதும் மனநலப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். பேரிடர் என்றால் வாசலுக்குப் போகத் தெரிந்த ஊர் அது. வீட்டுக்குள் நடக்கும் பேரிடருக்கும் அதே கால்கள் போதும்.

போதுமா என்று அந்தக் கால்களுக்கு உரியவர்களையும் கேட்க வேண்டும். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் ஆஷா ஊழியர்கள் உட்கார்ந்து மாதக்கணக்கில் போராடியது, அப்போது மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை உயர்த்தக் கோரித்தான். காசநோய், கர்ப்பிணிகள், தடுப்பூசி, கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே அடுக்கப்பட்ட சுமையின்மேல் இன்னொரு பதிவேட்டை வைத்துவிட்டு, சேவை மனப்பான்மை என்று பாராட்டுவது முறையாகாது. அரசின் நிதி நெருக்கடியும் பொய்யல்ல. ஒரு சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் இந்த அழைப்புகள் தேவைப்படுவோர் எண்ணிக்கை சமாளிக்கக்கூடியதாகவே இருக்கும் என்பதால், எல்லோரையும் இதில் ஈடுபடுத்தாமல், விருப்பமுள்ள ஒருவர் இருவருக்குப் பயிற்சியும் தனி ஊதியமும் தருவது நடக்கக்கூடிய காரியம். கேட்டதெல்லாம் மனதில் தங்கிவிடும் வேலை இது. அவர்களுக்கும் பேசி இறக்கிவைக்க மாதம் ஒருமுறை ஒரு மூத்த உளவியலாளர் கிடைக்க வேண்டும்.

குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் இரக்கத்தோடு பேசலாம். நடந்ததைத் தவறி நேர்ந்த விபத்து என்று எழுதச் சொல்லிக் கெஞ்சும் தகப்பன்மார் பொய்யர்கள் அல்லர். காவல் நிலையத்தை நினைத்தும், இளைய மகளின் கல்யாணத்தை நினைத்தும் பயந்துபோனவர்கள். சட்டம் மாறியது அவர்கள் காதுக்கு இன்னும் எட்டவில்லை. 1870இலிருந்து இயங்கும் ஊளம்பாறை மனநல மையத்தின் பெயரை மலையாளிகளும், கீழ்ப்பாக்கத்தின் பெயரை நாமும் வசவாகப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். அந்த வாசலில் தன் பிள்ளையோடு நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? மறுபக்கம், வாரா வாரம் அழைத்துப் போவதும், கூலி போவதும், மற்ற பிள்ளைகளைப் பார்ப்பதும் அவர்கள்தான். ஆனால் நோயாளியின் தனிமையும் காக்கப்பட வேண்டும். கணவரோ மாமியாரோ அறைக்குள் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண் அந்த நாளின் கதையைச் சொல்வாள்? குடும்பத்துக்கு என்ன தெரியலாம், எது தெரியக் கூடாது என்பதை முதல் அமர்விலேயே நோயாளி சொல்லட்டும். பாதுகாப்புத் தாளின் நகல் யாருக்கு என்பதையும் அவரே முடிவுசெய்யட்டும்.

இதே காரணத்தால், வலிநிவாரணப் பராமரிப்பு வண்டி போல ஒரு வண்டி வாசலில் வந்து நிற்பது இங்கே சரிவராது. தெருவே பார்க்கும். தொலைபேசி நல்லது. நேரில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கேரளத்தில் ஓர் அருமையான வசதி இருக்கிறது: ஊர் தோறும் உள்ள வாசகசாலைகள். அங்கே ஒருவர் போனால் ஏன் போனார் என்று யாரும் கேட்பதில்லை. நூலகக் குழு ஒரு சிறு அறையை வாரத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கித் தந்தால், மெடிக்கல் காலேஜுக்கு இரண்டு பஸ் மாறிப் போக முடியாதவரின் பத்து அமர்வுகளில் பாதியாவது அங்கே நடந்துவிடும். கோயில், பள்ளிவாசல் பெரியவர்களும் கடலோரப் பங்குத்தந்தையரும் இதில் எதிரணி அல்லர். பல குடும்பங்களின் துயரம் முதலில் போய்ச் சேர்வது அவர்களிடம்தான். பிரார்த்தனையோடு சிகிச்சையும் வேண்டும் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அது டாக்டர் சொல்வதைவிட ஆழமாக இறங்கும்.

வேலை தருபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பத்து அமர்வு என்பது பத்து அரைநாள். டெக்னோபார்க் நிறுவனமானாலும் சாலைக் கடைத்தெருவின் ஜவுளிக்கடையானாலும், காரணம் கேட்காமல் அந்த அரைநாளைத் தருவது பெரிய இழப்பாகாது. காப்பீட்டு நிறுவனங்கள் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்ற வழக்கமான விதியால், வந்துபோகும் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் வெளியே நிற்கிறது. பத்தே அமர்வு என்று எல்லை தெரிந்த சிகிச்சைக்குச் செலவைக் கணக்கிடுவது காப்பீட்டுக்காரர்களுக்குக் கடினமாக இருக்காது. பத்திரிகைகளாகிய நாங்களும் விலக்கல்ல. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் ஏற்ற நெறிமுறைகள் இருக்கின்றன. எப்படி நடந்தது என்று விவரிக்காமல், உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்வது எங்கள் பங்கு.

எல்லை தாண்டும் நோயாளிக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். திருவனந்தபுரத்தில் உயிர் பிழைத்துக் களியக்காவிளை வழியே ஊர் திரும்பும் ஒருவர், இரு மாநிலங்களின் பட்டியலிலிருந்தும் நழுவிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடுகளுக்குப் போகிறார்கள். இரண்டு மாவட்டங்களின் மனநலத் திட்ட அலுவலர்களும் உட்கார்ந்து, நோயாளியின் சம்மதத்தோடு தகவல் கைமாறும் முறை ஒன்றை வகுத்தால், ஆறாவது அழைப்பு மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறுவது மட்டுமே நோயாளிக்குத் தெரிய வரும்.

2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் இம்மரணங்களை 10 விழுக்காடு குறைப்பதை இலக்காக வைத்திருக்கிறது. பெரிய இலக்குகள் தில்லியில் எழுதப்படட்டும். திருவனந்தபுரத்து வார்டுகளில் முதலில் மாற வேண்டியது டிஸ்சார்ஜ் சீட்டு. சைக்யாட்ரி ஓ.பி.யில் காட்டவும் என்ற வரிக்குப் பதிலாக மூன்று தகவல்கள்: முதல் அமர்வின் தேதி, முதல் அழைப்பைச் செய்யப்போகிறவர் பெயர், அவருடைய எண். அந்த மூன்றையும் நிரப்ப ஒரு டாக்டர், ஓர் உளவியலாளர், ஒரு சுகாதார ஊழியர், அவருக்கு ஊதியம் ஒதுக்கிய ஓர் உள்ளாட்சி மன்றம் ஆகியோர் முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டியிருக்கும். அடுத்த கிராம சபையிலோ வார்டு சபையிலோ இதை எழுப்ப யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதைப் படிக்கும் நேரத்தில் உங்களுக்கோ உங்களைச் சேர்ந்த ஒருவருக்கோ மனம் தாங்க முடியாத நிலை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். தமிழ்நாட்டில் இதுவே 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இயங்குகிறது. கேரளத்தில் இருப்பவர்களுக்கு திசா உதவி எண் 1056. சென்னை சிநேகாவின் எண் 044-24640050. பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு எந்த நேரத்திலும் நேராகவே போகலாம்.